தீ அலாரப் பனல் வயரிங்: மின் இரைச்சல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது

தீ அலாரப் பனல் காரணமில்லாமல் கத்தினால் முதலில் பழி விழுவது டிடெக்டரின் தலையில்தான். கழற்றித் துடைப்பார்கள், புதிதாக ஒன்று மாட்டுவார்கள். ஒரு கிழமை சத்தமில்லாமல் போகும். பிறகு அதே ‘எர்த் ஃபோல்ட்’ (வயர் எர்த்தைத் தொடும் பிழை), அதே ‘டிவைஸ் பதில் இல்லை’. மூன்று நொடி திரையில் நின்றுவிட்டுத் தானாக மறைந்துவிடும். இப்படி வந்து வந்து போகிற பிழை என்றால் டிடெக்டரை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள்.

பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் பனலின் நிகழ்வுப் பதிவு. என்ன பிழை என்பதை இப்போதைக்கு விடுங்கள். எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரம், லிஃப்ட் அதிகம் ஓடும் நேரம், ஜெனரேட்டர் எடுத்த நேரம், குளிரறைக் கம்ப்ரெசர் எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு வரிசையும் பொருந்தினால் இரைச்சல், அதாவது பக்கத்து மின் சாதனங்களிலிருந்து வயருக்குள் நுழையும் குறுக்கீடு, என்று நம்பித் தேடலாம். மழை பெய்த நாட்களோடு மட்டும் பொருந்தினால் அது இரைச்சல் அல்ல, எங்கேயோ ஈரம் ஏறிய இணைப்பு. அதற்கு வைத்தியம் வேறு.

திருகோணமலையில் இவை இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் உப்புக் காற்று எர்த் முனைகளைத் தின்கிறது. முனை அரித்தால் கேபிளின் ஸ்கிரீன் (வயர்களைச் சுற்றியுள்ள உலோகத் தாள்) பெயருக்குத்தான் ஸ்கிரீன். சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெரிய மோட்டர்களும் அவற்றின் வேகத்தை மாற்றி ஓட்டும் விஎஃப்டி டிரைவ்களும் இருக்கின்றன. நகரத்துக்குள் உள்ள பழைய கட்டடங்களில் தடித்த சுவர்களைத் துளைக்கச் சோம்பல்பட்டு, இருக்கிற ஒரே குழாய்க்குள் எல்லாக் கேபிளையும் திணிக்கும் பழக்கம். மூன்று இடத்திலும் காரணங்கள் வேறு, வேலை ஒன்றுதான்: இரைச்சலைப் பின்னால் வடிகட்டுவதைவிட, கேபிள் போகும் பாதையையும் எர்த் இணைப்பையும் முன்னாலேயே சரியாகப் போடுவது.

இரைச்சல் எப்படி நுழைகிறது

அட்ரஸபிள் பனல் என்பது ஒவ்வொரு டிடெக்டரையும் தனித்தனியாக அடையாளம் காணும் வகை. அதன் லூப்பில், அதாவது பனலில் தொடங்கி டிடெக்டர்களைச் சுற்றிப் பனலுக்கே திரும்பும் கேபிளில், 24 முதல் 40 வோல்ட் வரையான டிசி போகிறது. அதே இரண்டு வயரில்தான் பனலும் டிடெக்டர்களும் பேசிக்கொள்ளும் துடிப்புகளும் போகின்றன. இந்தத் துடிப்பைக் குழப்பும் எதுவும் நமக்கு இரைச்சல். அது வர மூன்று வழி உண்டு.

முதலாவது மின்புலம். 230 வோல்ட் கேபிளும் லூப் கேபிளும் ஒட்டிப் படுத்திருந்தால் இரண்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கப்பாசிட்டர் உருவாகிறது. இதை ஸ்கிரீன் தடுக்கும். இரண்டாவது காந்தப்புலம். மோட்டர் கேபிளில் போகும் கரண்ட் பக்கத்து வயரில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அலுமினியத் தாள் ஸ்கிரீன் 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தை ஏறத்தாழ அப்படியே உள்ளே விட்டுவிடும். இதற்கு மருந்து முறுக்கிய ஜோடியும் தூரமும்தான். மூன்றாவது எர்த். ஒரே ஸ்கிரீன் இரண்டு இடத்தில் எர்த்தைத் தொட்டால், அந்த இரு இடங்களுக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம் ஸ்கிரீன் வழியாகக் கரண்டை ஓட்டும். தடுக்கப் போட்ட ஸ்கிரீனே இரைச்சலைச் சுமக்கும் வயராக மாறிவிடும்.

முதலாவதை மட்டும் நினைத்து விலை கூடிய ஸ்கிரீன் கேபிளை வாங்கி, ஒவ்வொரு பெட்டியிலும் அதை எர்த்தோடு முறுக்கி, மூன்றாவதைத் தாமே உருவாக்கும் வேலைதான் அதிகம் நடக்கிறது.

பாதை

இலங்கையில் தீ அலார வேலைகள் பெரும்பாலும் பிஎஸ் 5839-1 என்ற பிரித்தானிய நியமத்தைத் தழுவியே செய்யப்படுகின்றன. தீ அலாரக் கேபிள் மற்றக் கேபிள்களிலிருந்து பிரிந்தே போக வேண்டும் என்று அது சொல்கிறது. தீயில் தப்புவதற்காகவும் பழுதிலிருந்து காப்பதற்காகவும் சொன்னது. இரைச்சலுக்கும் அதுவே முதல் மருந்து.

நடைமுறையில் வைத்துக்கொள்ளக்கூடிய இடைவெளிகள்: விளக்கு, பிளக் சுற்றுகளோடு நீளமாக இணையாகப் போனால் 300 மில்லிமீட்டர். இடமே இல்லாத இடத்தில் 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அல்லது ஒரே ட்ரங்கிங்குக்குள் எர்த் செய்யப்பட்ட உலோகத் தடுப்பு வைத்து. மோட்டர் கேபிளிலிருந்து 600 மில்லிமீட்டர். விஎஃப்டி டிரைவிலிருந்து மோட்டருக்குப் போகும் கேபிளோடு இணையாகப் போகவே வேண்டாம். அந்தக் கேபிளில் போவது சுத்தமான 50 ஹேர்ட்ஸ் அல்ல, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டப்பட்ட மின்னழுத்தம். கடக்கத்தான் வேண்டும் என்றால் எந்தக் கேபிளையும் செங்குத்தாகக் கடவுங்கள். பனல் கையேடு இதைவிடக் கூடிய தூரம் கேட்டால் கையேடு சொல்வதே கணக்கு.

ஹோட்டல் நடைபாதைச் சீலிங்குக்கு மேலே இதைச் செய்வது கஷ்டமில்லை, முதல் நாளே முடிவெடுத்தால். 230 வோல்ட் எல்லாம் கடல் பக்கச் சுவரோரம், தீ அலாரம் எதிர்ச் சுவரோரம் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வயரிங் பாஸ்மாரிடம் காட்டிவிடுங்கள். அறைக்கதவுகளில் மட்டும் செங்குத்தாகக் கடக்கும். சீலிங் சட்டகத்தின் மேல் கேபிளைச் சும்மா எறிந்து விடுவதில் இரண்டு ஆபத்து: பிறகு ஏசி வேலைக்கு வருபவர் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக் கட்டிவிடுவார், எல்இடி விளக்குகளின் டிரைவர்கள் சரியாக அந்தக் கட்டின் மேலேயே உட்காரும்.

இன்னும் மூன்று விடயம். மிஞ்சின கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள். பத்து மீட்டர் சுருள் என்பது காந்தப்புலத்தைப் பிடிப்பதற்கென்றே சுற்றிய கொயில் மாதிரி. வெட்டி எறியுங்கள். அடுத்தது, லூப்பின் பொசிட்டிவும் நெகட்டிவும் எப்போதும் ஒரே கேபிளில், ஒரே முறுக்கு ஜோடியில் போக வேண்டும். பல ஜோடி உள்ள கேபிளில் ஒரு ஜோடியிலிருந்து ஒன்றும் மற்ற ஜோடியிலிருந்து ஒன்றும் எடுத்தால் முறுக்கின் பயன் முழுவதும் போய்விடும். லூப் போகும் காலும் திரும்பும் காலும் வேறு வேறு பாதையில் போவது நல்லதுதான். பிரியக்கூடாதது ஒரு காலுக்குள் இருக்கும் இரண்டு வயர். கடைசியாக, இடிதாங்கியின் இறங்கு கம்பிக்குப் பக்கத்தில் லூப்பை இறக்காதீர்கள். சுவரின் மறுபக்கம் என்றாலும் பக்கம் பக்கம்தான்.

கேபிள்

தீ தாங்கும் வகை, சிவப்பு உறை, 1.5 சதுர மில்லிமீட்டர், ஸ்கிரீனும் ட்ரேன் வயரும் (ஸ்கிரீனைத் தொட்டபடி கூடவே ஓடும் வெறும் வயர்) உள்ளது. சாதாரணக் கட்டடங்களுக்கு பிஎச்30 தரம் (எண் தீயில் தாங்கும் நிமிடம்), உயரமான அல்லது கட்டம் கட்டமாக வெளியேற வேண்டிய கட்டடங்களுக்கு பிஎச்120. ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த செம்பைப் பாவிக்க வேண்டாம்.

வயர் தடிப்புக்கும் இரைச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பின் தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போக வர இரண்டு வயர் என்றால் 24.2 ஓம். 600 மீட்டர் லூப்பில் ஏறத்தாழ 14.5 ஓம். லூப் ஒரு முனையில் அறுந்து, எல்லாச் சவுண்டரும் (அலார ஒலி எழுப்பும் சாதனம்) தூர முனையில் சேர்ந்து 300 மில்லிஅம்பியர் இழுத்தால் 4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். கடைசி டிடெக்டருக்குக் குறைந்த மின்னழுத்தம் போய்ச் சேரும்போது, மற்றப்படி தாங்கிக்கொள்ளும் இரைச்சலைக்கூட அது தாங்காது. நீளம் கூடினால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குப் போங்கள்; அதில் வயர் ஒன்றுக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம்.

மறுபக்கம் கப்பாசிட்டன்ஸ். ஸ்கிரீன் கேபிளில் இது கூடும். கேபிளின் தாளில் மீட்டருக்கு 150 பிகோஃபாரட் என்றிருந்தால் 1000 மீட்டருக்கு 0.15 மைக்ரோஃபாரட். பனல் கையேடு தரும் உச்ச அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் கிடைத்த கேபிளைப் போட்டால் துடிப்பின் ஓரங்கள் மழுங்கி, இரைச்சலே இல்லாத இடத்தில் இரைச்சல் போலவே பிழை காட்டும். இதைப் பிடிப்பது மிகக் கஷ்டம்.

ஸ்கிரீனை டிடெக்டர் பேஸில் எப்படிக் கடத்துவது

விதி எளிது: ஸ்கிரீன் லூப் முழுவதும் அறுபடாமல் தொடர வேண்டும், எர்த்தைப் பனலில் மட்டும் தொட வேண்டும். திரும்பி வரும் முனையின் ஸ்கிரீனையும் பனலில் கட்டுவதா, அல்லது இன்சுலேட் செய்து விடுவதா என்பது பனலுக்குப் பனல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

எளிய விதி உடையும் இடம் டிடெக்டர் மாட்டும் பேஸுக்குப் பின்னாலுள்ள பெட்டி. வரும் கேபிளையும் போகும் கேபிளையும் பெட்டிக்குள் எடுத்து, வெளி உறையை 80 மில்லிமீட்டர் உரியுங்கள். அலுமினியத் தாளை உறையின் விளிம்போடு வட்டமாக வெட்டி எடுங்கள். கிழிந்த தாள் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, அது திருகாணியைத் தொட்டால் போதும். வெட்டிய விளிம்பின் மேல் 20 மில்லிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி இறுக்குங்கள், பாதி உறையின் மேல், பாதி வயர்களின் மேல் வரும்படி. இப்போது வெறுமையாக நிற்பது ட்ரேன் வயர் மட்டும். அதற்குப் பச்சை மஞ்சள் ஸ்லீவ் முழு நீளத்துக்கும் போடுங்கள். இரண்டு ட்ரேன் வயரையும் பேஸில் ஸ்கிரீனுக்கென்று ஒரு முனை இருந்தால் அதில், இல்லாவிட்டால் ஒரு தனிக் கனெக்டரில் சேருங்கள். இழுத்துப் பாருங்கள். கையால் முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றிய இணைப்பு கொழும்பில் ஐந்து வருடம் நிற்கலாம். கரையோரத்தில் உப்பு ஈரம் ரேப்புக்குள் புகுந்து பச்சை பிடித்துவிடும்.

உலோகப் பெட்டியில் எர்த் முனை ஒன்று பளபளப்பாக இருக்கும். கை தானாக ட்ரேன் வயரை அங்கே கொண்டுபோகும். பெட்டிக்கு எர்த் வேண்டுமென்றால் அது வேறு வயரில் வர வேண்டும், ஸ்கிரீன் அங்கே போகக்கூடாது. இந்தத் தவறைப் பனல் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது என்பதுதான் விசேடம். லூப் வயர் ஒன்று உலோகத்தைத் தொட்டால் எர்த் ஃபோல்ட் விழும். ஸ்கிரீன் ஏற்கனவே எர்த்தில்தான் இருக்கிறது, இன்னொரு இடத்தில் தொட்டால் பனலுக்கு வித்தியாசமே தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

அளப்பது இப்படி: பனலில் ஸ்கிரீன் முனைகளைக் கழற்றுங்கள். கழற்றிய ஸ்கிரீனுக்கும் பனலின் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் தடை பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. சில ஓம், சில நூறு ஓம் காட்டினால் எங்கோ தொடுகிறது. லூப்பின் நடுவிலுள்ள பேஸில் ட்ரேன் இணைப்பைப் பிரித்து எந்தப் பாதியில் என்று பாருங்கள். பிறகு அந்தப் பாதியின் பாதி. 64 பேஸ் இருந்தாலும் ஆறாவது பிரிப்பில் ஆளைப் பிடித்துவிடலாம்.

பனலுக்குள்

230 வோல்ட் கேபிள் ஒரு மூலையால் நுழையட்டும், லூப்பும் சவுண்டர் கேபிள்களும் எதிர் மூலையால். பெரும்பாலான பனல்களில் மெயின்ஸுக்கென்று தனித் துளை வைத்தே செய்திருப்பார்கள்; அதைவிட்டு வசதியான துளையால் எடுக்க வேண்டாம். உள்ளே மெயின்ஸ் வயரையும் லூப் வயரையும் ஒரே கேபிள் டையில் கட்டாதீர்கள். பார்வைக்கு அழகாக இருக்கும், வேலைக்குக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் 50 மில்லிமீட்டர் வெறும் இடம் விடுங்கள்.

ட்ரேன் வயரை எர்த் பட்டைக்கு எவ்வளவு குட்டையாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு குட்டையாக, 50 மில்லிமீட்டருக்குள் முடியுங்கள். நீண்ட ட்ரேன் வயர் உயர் அதிர்வெண் இரைச்சல் எர்த்துக்கு இறங்கும் வழியை மறிக்கும், இரைச்சல் பனலின் போர்டுக்குள் போகும்.

எர்த் திருகாணி இறங்கும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். பற்கள் உள்ள வாஷர் போடுங்கள். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெலி மெல்லிசாகப் பூசுங்கள்; கடற்கரையில் இது ஆடம்பரம் அல்ல. பனலின் கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள எர்த் வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறப்பதும் உண்டு. கதவு எர்த் இல்லாமல் நின்றால் பக்கத்தில் யாராவது வோக்கிடோக்கி அழுத்தும்போது அது அன்டெனாவாகிவிடும். ஹோட்டல் காவலாளிகள் பனலுக்கு முன்னால் நின்றுதான் பேசுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பாவிக்காத வயர்கள் கேபிளில் மிஞ்சினால் அவற்றைப் பனல் முனையில் எர்த் செய்து, மறுமுனையை இன்சுலேட் செய்து விடுங்கள். இரண்டு முனையும் தொங்க விட்டால் அவை பக்கத்து வயருக்கு இரைச்சலைக் கடத்தும்.

மெயின்ஸும் எர்த்தும்

பனலுக்குப் பிரதான டிபி போர்டிலிருந்து (மின் விநியோகப் பலகை) தனிச் சுற்று. லிஃப்ட் போர்டிலிருந்தும் வேண்டாம், தண்ணீர் மோட்டர் போர்டிலிருந்தும் வேண்டாம். ஜெனரேட்டர் உள்ள இடத்தில், ஜெனரேட்டரும் கொடுக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். ஐசோலேட்டரில் ‘தீ அலாரம், அணைக்க வேண்டாம்’ என்று சிவப்பில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். மலிவு யூபிஎஸ் ஒன்றை இடையில் போடும் யோசனை வந்தால் கைவிடுங்கள். பனலுக்குள் பட்டரி இருக்கிறது, சதுர அலை யூபிஎஸ் புதிதாக இரைச்சலைத்தான் சேர்க்கும்.

மின்சார சபையிலிருந்து சாதாரண இணைப்பு எடுத்த கட்டடங்களில் எர்த் நம்முடைய கம்பியிலிருந்துதான் வருகிறது, ஆகவே ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஆனால் பனல், வெந்நீர் ஹீட்டர்களும் சமையலறையும் தொங்கும் அதே ட்ரிப் சுவிட்ச்சில் தொங்கக்கூடாது. ஒரு ஹீட்டர் ஒழுகி ட்ரிப் விழுந்தால் பனல் பட்டரியில் ஓடத் தொடங்கும். பட்டரி இறங்கும்வரை ஒருவருக்கும் தெரியாமலே போகலாம். பனலுக்கு மட்டும் ஒரு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் தனியாகப் போடுங்கள். டிபி போர்டில் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்த உயர்வை எர்த்துக்கு இறக்குவது) ஒன்றும் வேண்டும். அதற்குப் போய்வரும் வயர்களின் மொத்த நீளம் அரை மீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மின்னலின் போது அந்த வயரிலேயே பெரிய மின்னழுத்தம் எழும்.

‘பனலுக்குச் சுத்தமான எர்த் வேண்டும், தனிக் கம்பி அடிப்போம்’ என்ற பேச்சு எப்படியும் வரும். அடிக்காதீர்கள். கட்டடத்தின் எர்த்தோடு சேராத தனிக் கம்பி, மின்னல் பக்கத்தில் விழும்போது கட்டடத்துக்கும் பனலுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கொண்டுவரும். சாதாரண நாட்களில் அதே வித்தியாசம் இரைச்சலாக வரும். இன்னொரு கம்பி அடிப்பதில் தவறில்லை, ஆனால் அதைப் பிரதான எர்த்தோடு தடித்த செம்பால் சேர்த்தே ஆக வேண்டும்.

நிலாவெளி மணலில் ஒரு கம்பியால் நல்ல எர்த் கிடைக்காது. மாரியில் அளந்தால் அழகான எண் வரும், அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். கச்சான் காற்று வீசி மண் காய்ந்த ஜூலை, ஓகஸ்டில் அளந்து அப்போதும் 10 ஓமுக்குக் கீழே நிற்கப் பாருங்கள். நிற்காவிட்டால் இன்னும் கம்பிகள், ஒன்றுக்கொன்று குறைந்தது கம்பி நீள இடைவெளியில்; தேவைப்பட்டால் சுற்றி பென்டோனைட் (ஈரம் பிடிக்கும் களிமண்). ட்ரிப் சுவிட்ச்சை வேலை செய்ய வைக்க இவ்வளவு குறைந்த தடை தேவையில்லைதான். சர்ஜும் இரைச்சலும் இறங்கத்தான் இது.

ரிலே, கொன்டாக்டர், கதவுக் காந்தம்

சுருள் உள்ள எதையும் அணைக்கும்போது அது எதிர் மின்னழுத்தத் துள்ளலைத் திருப்பி அனுப்பும். 24 வோல்ட் டிசி ரிலேக்கும் கதவுக் காந்தத்துக்கும் சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோட், வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பொசிட்டிவில். அதைப் பனலில் அல்ல, சுருளின் முனைகளிலேயே போடுங்கள்.

சவுண்டர் சுற்றில் ரிலே தொங்கவிட்டால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல பனல்கள் சும்மா இருக்கும்போது அந்தச் சுற்றைத் தலைகீழ் முனைவில் சோதித்துக்கொண்டிருக்கும். குறுக்கே போட்ட டயோட் அந்த நேரத்தில் ஷோர்ட்டாகத் தெரியும். சுருளுக்கும் டயோடுக்கும் முன்னால் தொடராக இன்னொரு டயோட் போட்டால் சரியாகிவிடும்.

தீ பம்ப், ஏசி நிறுத்தல், லிஃப்ட் இறக்கல் போன்றவற்றுக்கு 230 வோல்ட் கொன்டாக்டரை (பெரிய மின் சுமைகளுக்கான சுருள் சுவிட்ச்) இயக்க வேண்டியிருந்தால் அந்த 230 வோல்ட்டைப் பனலுக்குள் கொண்டுவர வேண்டாம். பனலின் 24 வோல்ட் ஒரு இடைநிலை ரிலேயை இயக்கட்டும். அந்த ரிலே கொன்டாக்டருக்குப் பக்கத்தில் தனிப் பெட்டியில் இருக்கட்டும். கொன்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கப்பாசிட்டரும் (மெயின்ஸுக்குக் குறுக்கே போடத் தகுந்த வகை) தொடராக. ஏசி சுருளில் டயோட் போடக்கூடாது. எக்ஸ்2 என்று அச்சடிக்காத சாதாரண கப்பாசிட்டரையும் போடக்கூடாது. அது ஷோர்ட்டாகித் தீப்பிடிக்கலாம், தீ அலார வேலையில் அது பெரிய அவமானம்.

கட்டடம் விட்டுக் கட்டடம்

வரவேற்புக் கட்டடத்தில் பனல், கடற்கரையோரம் வரிசையாகக் கபானாக்கள். இங்கே லூப் கேபிளைத் தென்னை மரங்களில் கட்டிக் கொண்டுபோவது மின்னலுக்கு அழைப்பு வைப்பது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும் ஊர் இது. கேபிளை நிலத்துக்கடியில் குழாயில் இறக்கி, கட்டடத்தை விட்டு வெளியேறும் இடத்திலும் அடுத்ததில் நுழையும் இடத்திலும் லூப்புக்கான சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள், ஒவ்வொன்றும் அந்தந்தக் கட்டடத்தின் எர்த் பட்டைக்கு. இரண்டு பக்கமும் லூப் ஐசோலேட்டரும் (ஷோர்ட்டான பகுதியை மட்டும் பிரித்துவிடும் சாதனம்) வேண்டும். தூரம் கூடினால், பல கட்டடங்கள் இருந்தால், ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் சிறிய பனல் வைத்து இடையில் ஃபைபர் கேபிளால் இணைப்பதே நல்லது. ஃபைபரில் எர்த்தும் போகாது, மின்னலும் போகாது.

பழைய கொன்வென்ஷனல் பனல் (தனி டிடெக்டரை அல்ல, பகுதியை மட்டும் காட்டும் வகை) என்றால் கவலை குறைவு. அதில் தரவுத் துடிப்பு இல்லை. பிரிவும் எர்த்தும் மேலே சொன்னபடியே. வயர் அறுந்ததா என்று பனல் அறிய உதவும் முடிவு ரெசிஸ்டரைப் பனலுக்குள் போடாமல் கடைசி டிடெக்டரில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

அளந்து பார்ப்பது

சோதனைக்கு முன் முகாமையாளருக்கும் காவலாளிக்கும் சொல்லி, பனலைச் சோதனை நிலைக்கு மாற்றுங்கள். 230 வோல்ட் பக்கத்தை மின் வேலைக்கு அனுமதி பெற்றவரே தொடட்டும்.

டிடெக்டர்களும் பனலும் இணைக்கும் முன்பு, வெறும் கேபிளில் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடை அளக்கும் மீட்டர்): வயருக்கும் வயருக்கும், வயருக்கும் ஸ்கிரீனுக்கும், எல்லாவற்றுக்கும் எர்த்துக்கும். குறைந்த எல்லை 2 மெகாஓம். ஆனால் புதுக் கேபிள் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டும். 5, 10 மெகாஓமில் நின்றால் எல்லையைத் தாண்டிவிட்டது என்று மகிழாமல் ஈரமான இணைப்பைத் தேடுங்கள், அடுத்த மாரியில் அதுவே எர்த் ஃபோல்ட். டிடெக்டர்கள் மாட்டிய பிறகு மெகரை லூப்பில் வைக்கவே கூடாது, எல்லாம் கருகிவிடும்.

பிறகு இரைச்சலை நேரடியாக. லூப்பின் இரு முனையையும் பனலிலிருந்து கழற்றி, கட்டடத்தில் உள்ள மோட்டர், லிஃப்ட், ஏசி எல்லாவற்றையும் ஓட விட்டு, வயருக்கும் வயருக்கும் ஏசி வோல்ட் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும். சில பத்து மில்லிவோல்ட் என்றால் நிம்மதி. 1 வோல்ட்டைத் தாண்டினால் காரணம் கண்டுபிடிக்காமல் பனலில் இணைக்காதீர்கள்.

எர்த்துக்கு 20, 30 வோல்ட் காட்டினால், மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துத் திரும்ப அளங்கள். எண் விழுந்துவிட்டால் அது பக்கத்துக் கேபிளின் மின்புலம், பிரித்துப் போட்டால் போகும். விழாமல் நின்றால் எங்கோ உண்மையாகவே மின் ஒழுக்கு. 200க்கு மேல் காட்டினால் ரெசிஸ்டர் வைக்க வேண்டாம், உடனே மெயின்ஸை நிறுத்தித் தேடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பனலில் இரைச்சல் எந்த வழியால் வருகிறது என்று அறிய எளிய வழி: பனலின் 230 வோல்ட்டை நிறுத்திப் பட்டரியில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், பிழை வரும் அதே நேரத்தில். மெயின்ஸ் இல்லை என்ற பிழை நிற்கும், அதை விடுங்கள். மற்றப் பிழைகள் வராமல் நின்றால் மெயின்ஸ் வழி. தொடர்ந்து வந்தால் லூப் வழி. லூப் என்றால் ஐசோலேட்டர்களில் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிப் பாருங்கள். எர்த் வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஸ்கிரீனைக் கழற்றலாம், பனலின் பாதுகாப்பு எர்த்தை மெயின்ஸ் இருக்கும்போது கழற்றக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் இரைச்சலுக்குத்தான் ஃபெரைட் வளையம். லூப் கேபிள் பனலுக்குள் நுழையும் இடத்தில், வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்று, இரு வயரும் சேர்ந்தே. உயர் அதிர்வெண்ணுக்கு உதவும். 50 ஹேர்ட்ஸுக்கு ஒன்றும் செய்யாது. அளந்த எண்களை எல்லாம் திகதியோடு பனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிறகு கூரையில் சோலார் இன்வர்ட்டர் ஏறினாலும், தண்ணீர் மோட்டருக்குப் புது டிரைவ் வந்தாலும், அதே இடங்களில் அளந்து பழைய எண்ணோடு பார்த்தால் யார் கொண்டுவந்த இரைச்சல் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.